நீரோட்டம் கொண்டுவந்த விருந்தாளி: இப்னு பதூதாவும் மலைநாடும்

கண்டியில் வாழ்வோருக்குக் கடல் எப்போதும் தொலைவில் நிகழும் ஒரு சங்கதியாகவே இருந்து வந்துள்ளது. கொழும்புக் கரையை அடைய நூறு கிலோமீற்றருக்கும் அதிகமாக இறங்கிச் செல்ல வேண்டும். உப்பும் கருவாடும் தவளங்களில் மாடுகளின் முதுகேறி மலைக்கு வந்த காலத்தில், அவற்றைக் கொண்டுவந்த முஸ்லிம் வணிகர்களின் வாய்வழியாகவே இங்குள்ளோர் கடலைப் பற்றி அறிந்தனர். ஆயினும் இந்த மலைநாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர், அதன் பல பக்கங்களைக் கடலே எழுதியிருப்பதைக் காண்பார். யார் எப்போது எந்தக் கரையில் இறங்கினார்கள் என்பதை மன்னர்களின் விருப்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை. கரையின் வளைவும் முனையின் நீட்சியும் ஆழத்தின் ஏற்றத்தாழ்வும் அதில் பங்கு கொண்டன.

இதற்கு நன்கு பதிவாகியுள்ள சான்று, 1344ஆம் ஆண்டில் புத்தளக் கரையில் இறங்கி மலைநாட்டினூடாகப் பாவா ஆதம் மலைக்கு ஏறிச் சென்ற மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவின் வாழ்க்கையாகும். அவர் இலங்கைக்கு வரப் புறப்பட்டவர் அல்லர். தமிழ்நாட்டுக் கரைக்குச் செல்லப் புறப்பட்டவரை இந்தத் தீவு தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதனைத் தற்செயல் என்றே பலரும் எழுதிச் சென்றுள்ளனர். கடலியல் இன்று கற்பிப்பதை அவரது பயணத்துடன் சேர்த்து நோக்கினால், தற்செயல் என்ற சொல் போதாது என்பது விளங்கும்.

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா, 1304 பெப்ரவரியில், ஹிஜ்ரி 703 ரஜப் மாதத்தில், தன்ஜா நகரில் பிறந்தார். ஐரோப்பியர் தான்ஜியர் என அழைக்கும் அந்நகர், ஜிப்ரால்டர் நீரிணையின் மேற்கு வாயிலில் அமைந்தது. காதி நீதிபதிகளைத் தந்த பேர்பர் குடும்பம் அவருடையது. மாலிக்கி மத்ஹபின் சட்டக் கல்வியே அவரது முதுசொம்.

பிறந்த ஊரைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். ஜிப்ரால்டர் நீரிணை அதன் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் அகலமே உடையது. மத்தியதரைக் கடல் ஆறுகளாலும் மழையாலும் பெறும் நீரைவிட வெயிலால் இழக்கும் நீர் அதிகம். அந்த இழப்பை ஈடுசெய்ய அத்திலாந்திக் சமுத்திரத்தின் நீர் மேற்பரப்பில் கிழக்கு நோக்கி உள்ளே பாய்கிறது. உப்புச் செறிந்து கனமான மத்தியதரைக் கடல் நீரோ அடியில் மேற்கு நோக்கி வெளியேறுகிறது. ஒரே வாயிலில் மேலே வரவும் கீழே செலவுமாக இரு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இயங்குகின்றன. இரு கண்டங்கள் நெருங்கி நிற்கும் அக்கரைகளின் அமைப்பே இதற்குக் காரணம். இந்த நீரைப் பார்த்து வளர்ந்த சிறுவன், பிற்காலத்தில் இதற்கு நேர்மாறான மற்றொரு நீரிணையின் வாயிலில் உயிருக்குப் போராட நேர்ந்தது.

1325 ஜூன் மாதத்தில், இருபத்தொரு வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றத் தனியாகப் புறப்பட்டார். சென்றவர் ஊர் திரும்ப இருபத்து நான்கு ஆண்டுகளாயின. மக்கா, ஈராக், யெமன், கிழக்கு ஆபிரிக்காவின் கில்வா, அனத்தோலியா, கிப்சாக் புல்வெளி என நீண்ட அந்த யாத்திரையை இங்கு விரிக்க இடமில்லை. 1333 செப்டெம்பரில் சிந்து நதியை அடைந்தார். டில்லியில் முஹம்மத் பின் துக்ளக் அவருக்குக் காதி பதவி அளித்தார். பரிசும் தண்டனையும் ஒரே கையால் வழங்கிய அந்தச் சுல்தானின் அவையில், கௌரவத்துடனும் அச்சத்துடனும் பல ஆண்டுகள் கழிந்தன. பின்னர் சீனப் பேரரசருக்குத் தூதராக அவர் அனுப்பப்பட்டார். கோழிக்கோட்டில் அத்தூது கலைந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருக்க, வீசிய புயலில் பரிசுப் பொருள்களை ஏற்றிய பெருங்கப்பல் உடைந்தது. உடைமைகளுடன் நின்ற மற்றைய கப்பல் அவரை விட்டுவிட்டே கடலுக்குள் சென்றது. டில்லிக்குத் திரும்ப முகமில்லாமல் மாலைதீவுக்குச் சென்றார். அங்கும் காதியாகி, அரச குடும்பத்தில் மணம் முடித்து, வசீருடன் பகைத்து, 1344 ஓகஸ்ட் மாத இறுதியில் வெளியேறினார்.

இனித்தான் நமது கதை தொடங்குகிறது. அவர் செல்ல விரும்பிய இடம் மஃபர். அராபியர் சோழமண்டலக் கரையையும் பாண்டி நாட்டையும் அப்பெயரால் அழைத்தனர். மதுரையில் அப்போது சுல்தான் கியாதுத்தீன் தாம்கானி ஆண்டு கொண்டிருந்தார். டில்லியில் இப்னு பதூதா மணந்த பெண்ணின் சகோதரியே அச்சுல்தானின் மனைவி. மாலைதீவிலிருந்து மஃபருக்கு மூன்று நாள் பயணம் என்பது அவர் நூல் தரும் கணக்கு. அனுபவமுள்ள மாலுமி கப்பலில் இருக்கவில்லை என்பதையும் அவரே பதிவு செய்துள்ளார். மூன்று நாள் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் வானில் புகைத்தூண் போல எழுந்து நின்றது ஒரு மலை. அதுவே ஸரந்தீப் மலை. நாம் சிவனொளிபாதம் என்றும் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கும் சிகரம்.

அம்மலையின் உயரம் 2243 மீற்றர். அவ்வளவு உயரமான சிகரம், புவியின் வளைவைக் கணக்கில் கொண்டால், ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் வரை கண்ணுக்குப் புலப்படும். மேற்குக் கரையிலிருந்து அது 60 கிலோமீற்றர் உள்ளே நிற்பதால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், கரையிலிருந்து நூறு கிலோமீற்றர் தொலைவில் கப்பலில் வருபவனும் அதனைக் காணலாம். கரை தெரிவதற்கு முன்னரே மலை தெரியும். அராபிய மாலுமிகளுக்கு அது புனித மலையாக மட்டுமன்றி, கடலில் நட்டு வைத்த அடையாளக் கல்லாகவும் விளங்கியது இதனாலேயே.

ஓகஸ்ட் இறுதியும் செப்டெம்பர் தொடக்கமும் தென்மேல் பருவப் பெயர்ச்சியின் பின்பகுதி. நம் வடபுல மீனவர் சோளகம் என்று அழைக்கும் காற்று அது. பருவகாலத்தைக் குறிக்கும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லே ஐரோப்பியர் நாவில் மொன்சூன் ஆயிற்று என்பதையும் நினைவிற் கொள்ளலாம். அக்காற்று வீசும் மாதங்களில் இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே வரும் நீரோட்டம், குமரி முனையைக் கடந்ததும் கிழக்கே திரும்புகிறது. அரபிக் கடலின் நடுப்பகுதியிலிருந்து வரும் நீரும் அதனுடன் சேர்கிறது. வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் புவிச் சுழற்சியால் வலப்புறமாக விலக முற்படும் என்பது பௌதிக விதி. ஆனால் கரை குறுக்கே நிற்கும்போது நீர் தன் விருப்பப்படி விலக முடியாது. கரையோடு இசைந்தே போக வேண்டியுள்ளது.

இங்கு குறுக்கே நிற்பது இலங்கை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு நீரிணை இருக்கிறதே, அதனூடாக நீர் போகக் கூடாதா என்று கேட்கலாம். தேசப்படத்தில் அது வாயிலாகத் தெரிகிறது. கடலின் கண்ணுக்கோ அது அடைத்த கதவு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்கு மணல் திட்டுகளும் மேடுகளும் தொடர்கின்றன. பல இடங்களில் ஆழம் ஓரிரு மீற்றரே. ஆதம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் இரு சமூகங்களும் தத்தமது மரபின்படி பெயரிட்ட அந்தத் திட்டுகளைத் தாண்டிப் பெரும் நீரோட்டம் செல்ல இயலாது. ஜிப்ரால்டரில் ஆழமான வாயில் இருப்பதால் இரண்டு ஓட்டங்கள் மேலும் கீழுமாகச் செல்கின்றன. இங்கு வாயில் ஆழமற்றுப் போனதால் பெரும் ஓட்டம் முழுவதுமே தீவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மன்னார் வளைகுடாவின் வாயைத் தாண்டி இலங்கையின் மேற்குக் கரையை எதிர்கொள்ளும் நீர் தெற்கே வளைந்து, தெவுந்தர முனையைச் சுற்றி, கிழக்கே விரைகிறது. அம்முனைக்குத் தெற்கே வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி கன மீற்றர் நீர் இவ்வாறு செல்வதாக 1990களின் அளவீடுகள் காட்டின. முனையைக் கடந்த ஓட்டம் வடகிழக்கே திரும்பி வங்காள விரிகுடாவினுள் நுழைகிறது. தீவின் கிழக்கே, காற்று மறைவுக்கு அப்பால், இடஞ்சுழியாக ஒரு பெரும் சுழல் உருவாகி அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொணர்கிறது. ஆய்வாளர் அதற்கு இலங்கைக் குவிமாடம் என்று பெயரிட்டுள்ளனர். நமது மத்திய மலைத்தொடர் சோளகக் காற்றை மறித்து, தீவின் தென்முனையில் அதனை முடுக்கிவிடுவதும் அச்சுழலுக்கு ஓரளவு காரணம். கண்டி மலைகளுக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று யார் சொன்னது?

மாரிகாலத்தில் வாடைக்காற்று எழும்போது இவையனைத்தும் தலைகீழாகும். வங்கக் கடலின் உவர் குறைந்த நீர் கிழக்குக் கரை வழியே தெற்கே இறங்கி, அதே தெவுந்தர முனையைச் சுற்றி மேற்கே செல்லும். ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இந்த ஓட்டத்தின் நடுவே, சுற்றிச் செல்ல வேண்டிய ஒரு முனையாக இத்தீவு நிற்கிறது. மாலைதீவிலிருந்து சோளகக் காலத்தில் வழி தெரிந்த மாலுமியில்லாமல் வடகிழக்கே புறப்படும் பாய்க்கப்பல் எங்கே போய்ச் சேரும் என்பதை இனி ஊகிப்பது கடினமன்று. காற்றும் நீரும் அதனைக் கிழக்கே தள்ளும். இலங்கையின் மேற்குக் கரை அதனை ஏந்திக்கொள்ளும்.

கப்பல் ஏந்தப்பட்ட இடம் புத்தளத்தை அண்டிய கரை. அவர் அதனைப் பத்தாலா என்று குறிப்பிடுகிறார். அது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கடலில் வலிமை மிக்க அவரது ஆட்களிடம் கப்பலோட்டி அஞ்சினான். காற்று மேலும் வலுக்கவே, தன்னைக் கரையிறக்கிவிட்டால் பாதுகாப்புக்குத் தானே உறுதி பெற்றுத் தருவதாக இப்னு பதூதா கூறிப் படகேறினார். கரையிலிருந்தோரிடம் மஃபர் சுல்தானின் சகலன் என்று தன்னை அறிமுகப்படுத்தினார். அதில் பொய்யில்லை. பாரசீக மொழி அறிந்திருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை அருகில் அமர்த்தி உபசரித்து, முத்துகளைக் காட்டிப் பேசி, அவற்றில் சிலவற்றைக் கையளித்தார். வேறென்ன வேண்டும் என்று வினவியபோது, ஆதம் நபியின் (அலை) பாதச் சுவட்டைத் தரிசிப்பதைத் தவிர வேறு விருப்பம் இல்லை என்றார் யாத்திரிகர். தமிழ் அரசர் ஒருவர், அராபிய மொழி பேசும் முஸ்லிம் ஒருவருக்கு, பல்லக்கும் அதனைச் சுமக்க ஆட்களும் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து, சிங்கள மன்னரின் நாட்டினூடாக வழியனுப்பி வைத்தார். இந்த ஒரு காட்சிக்காகவே அந்நூல் நம் பள்ளிக்கூடங்களில் படிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் நெடுநாள் எண்ணம்.

பத்தாலாவில் அவர் கண்ட மற்றொன்று நமது விடயத்துக்கு மிகவும் நெருங்கியது. வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் கரை நெடுகிலும் குவிந்து கிடந்தனவாம். மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருவோர் விலையின்றி அவற்றை எடுத்துச் சென்றனர். அரசருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்தால் போதுமானது. ஆறு கொண்டுவருவதையும் கடல் கொண்டுவருவதையும் தேக்கி வைக்கும் கரை அது. சோளகக் காலத்து அலைகள் மேற்குக் கரையின் மணலை ஆண்டுதோறும் வடக்கே நகர்த்துகின்றன. அவ்வாறு சேர்ந்த மணலின் நீட்சியே கற்பிட்டிக் குடாநாடு. அதன் மறைவில்தான் புத்தளம் களப்பு அமைதியாகக் கிடக்கிறது. திறந்த கடலில் தத்தளித்து வரும் கப்பலுக்கு அத்தகைய மறைவிடம் கிடைப்பதும் கரையின் வடிவம் தந்த கொடையே.

அக்கரை இன்றும் தன் வேலையை நிறுத்தவில்லை. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. 2025 மே மாதத்தில் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. கேரளக் கரையில் நிகழ்ந்த அவ்விபத்தின் பிளாஸ்டிக் மணிகள் அடுத்த மாதமே குமரி முனையைக் கடந்து, மன்னார்க் கரையில் நம் மீனவரின் வலைகளுக்கு அருகே வந்து சேர்ந்தன. சோளகக் காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கே, மாலுமியற்ற பயணம். அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் கறுவா மரம் குவிந்த கரைகளில் பிளாஸ்டிக் குவிகிறது என்பதைத் தவிர, கடல் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

புத்தளத்திலிருந்து பந்தர் சலாவத் எனப்பட்ட சிலாபம் வழியாக உள்நாட்டுக்குள் நுழைந்தது யாத்திரைக் குழு. காட்டு யானைகள் நிறைந்த வழி அது. ஷீராஸ் நகரத்து ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப் முன்னொரு காலத்தில் அவ்வழியே சென்றதன் பின்னர், முஸ்லிம் யாத்திரிகரை இந்நாட்டு மக்கள் மரியாதையுடன் நடத்தி, வீட்டுக்குள் அனுமதித்து, சேர்ந்து உண்ணவும் தயங்கவில்லை என அவர் எழுதியுள்ளார். பின்னர் அவர் அடைந்தது குனகார் என்னும் தலைநகர். இரு மலைகளுக்கு இடையே பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். மாணிக்கம் எடுக்கும் பெரிய நீர்நிலை அருகில். ஊருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல். மன்னரும் மக்களும் அவரைத் தேடி வந்து கண்ணியப்படுத்தினர். அதே ஷெய்க், பசுவை அறுத்த குற்றத்துக்காக ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர். மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கு அவரது கௌரவத்தை முன்னிட்டு அவ்வளவோடு விட்டு, ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்தாராம் மன்னர். நல்லுறவு என்பது உரசல் இல்லாத உறவன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

குனகார் எந்த ஊர்? அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. ஒலியை வைத்துக் குருநாகல் என்பாரும் மாணிக்கத்தை வைத்து இரத்தினபுரி என்பாரும் உண்டு. கம்பளை என்பாரும் உண்டு. நான்காம் புவனேகபாகு மன்னன் 1341இல் கம்பளையில் அரியணை ஏறியவன். இப்னு பதூதா வந்த அதே 1344ஆம் ஆண்டில், கண்டியிலிருந்து சில மைல் தூரத்தில், உடுநுவரையில் இரண்டு விகாரைகள் எழுந்தன. கடலாதெனிய விகாரையை அமைத்தவர் தென்னாட்டுச் சிற்பி கணேஸ்வராச்சாரி. இலங்காதிலக விகாரையை அமைத்தவர் ஸ்தபதி ராயர். இலங்காதிலகத்தின் கற்பாறையில் அவ்வறக்கொடை சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பௌத்த மன்னனின் மலைநாட்டுத் தலைநகரில் தமிழ்ச் சிற்பியும் தமிழ் எழுத்தும் இடம் பெற்றிருந்தபோது, அதன் வாயிலில் பாரசீகத்து ஷெய்க் ஒருவரின் பள்ளிவாசல் இருந்திருக்க இயலாது என்று யார் கூறுவர்?

ஆனால் இயலும் என்பது வேறு, இருந்தது என்பது வேறு. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களில், நீங்கள் எப்போது வந்தவர்கள் என்ற கேள்வி நெருப்புடன் கேட்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் குனகாரைக் கம்பளை என்று அடித்துக் கூற நம்மவர் சிலர் முற்பட்டனர். அந்த ஆவேசம் விளங்கிக்கொள்ளத் தக்கது, ஆயினும் தேவையற்றது. குனகார் நாளை குருநாகல் என்று நிறுவப்பட்டாலும், கண்டி முஸ்லிம்களின் உரித்தில் ஓர் அங்குலமும் குறையாது. ஒரு குடிமகனின் உரிமை அவனது மூதாதையர் கரையிறங்கிய திகதியில் தங்கியிருப்பதன்று. வந்த கதையைப் பொறுத்தவரை, அதனைக் கேட்க வேண்டியது கடலிடம். பருவந்தோறும் அராபியரையும் பாரசீகரையும் மலையாளக் கரையினரையும் இத்தீவில் ஒதுக்கிய நீரோட்டம் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. அதே நீரோட்டம்தான் சிங்களவரையும் தமிழரையும் கரைசேர்த்தது.

மலையேற்றத்தை அவர் விரிவாகவே எழுதியுள்ளார். அட்டைகளைப் பற்றிய செய்தி அதில் சுவையானது. மரங்களிலும் புற்களிலும் காத்திருந்து மனிதர் மேல் பாயும் அவற்றை அகற்ற எலுமிச்சைச் சாறு வைத்திருந்தனராம். இன்று மலையேறுவோர் உந்துவப் போயா முதல் வெசாக் வரையுள்ள வறண்ட காலத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். யாத்திரைப் பருவமல்லாத காலத்தில், ஈரம் சொட்டும் காட்டினூடாக அவர் ஏறியதற்கும் காரணம் காற்றே. தன்னைக் கொணர்ந்த பருவத்தில்தானே அவர் ஏற முடியும்! பாபா வழியென்றும் மாமா வழியென்றும் அழைக்கப்பட்ட இரு பாதைகளில், கடினமான பாபா வழியால் ஏறி, சங்கிலிகளைப் பற்றி உச்சியை அடைந்து, மாமா வழியால் இறங்கினார்.

பின்னர் தெற்கே தீனவர் எனப்பட்ட தெவுந்தர. பெருங்கோயிலும் ஆயிரம் பிராமணரும் யோகிகளும் நிறைந்த துறைமுகம் என அவர் வியக்கும் அவ்வூர், மேலே கூறிய நீரோட்டங்கள் திரும்பும் முனையிலேயே அமைந்தது. கடலைச் சுற்றிச் செல்வோர் அனைவரும் கடந்தாக வேண்டிய இடத்தில் பெருங்கோயிலும் பெருஞ்சந்தையும் எழுந்ததில் வியப்பில்லை. சில பத்தாண்டுகளின் பின்னர் சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்த, 1409 எனத் திகதியிட்ட காலிக் கல்வெட்டில், தமிழ்ப் பகுதி அந்தத் தெவுந்தர நாயனாருக்கும் பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் சீனப் பகுதி புத்தருக்கும் காணிக்கை கூறுகின்றன. கொழும்பு நூதனசாலையில் அதனை இன்றும் காணலாம். தீனவரிலிருந்து காலி, கொழும்பு வழியாக இப்னு பதூதா மீண்டும் பத்தாலாவுக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியிடம் விடைபெற்று, மஃபருக்குக் கப்பலேறினார்.

குறுகிய கடல் அது. மறுகரை கூப்பிடு தூரம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அந்தச் சிறு தூரத்தில்தான் அவர் மரணத்தை நேருக்கு நேர் கண்டார். காற்று வலுத்து, கப்பலுக்குள் நீர் புகுந்தது. இம்முறையும் வழி தெரிந்த மாலுமி இல்லை. பாறைகளில் மோதி உடையும் நிலைக்கு வந்து தப்பிய கப்பல், ஆழமற்ற நீரில் சென்று தரை தட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினர். மரத்துண்டுகளைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். தன்னுடன் வந்த பெண்களையும் தோழர்களையும் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் மட்டும் கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். காலையில் படகில் வந்த தமிழ்க் கரை மக்களே அவரைக் கரை சேர்த்தனர்.

ஆழ்கடலில் இல்லாத ஆபத்து ஆழமற்ற கடலில் ஏன் உண்டாகிறது? ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாகி உடையும். இரு கரைகளுக்கிடையே காற்று குவித்த நீர் வெளியேற வழி தேடி, மணல் திட்டுகளின் இடைவெளிகளில் விரைந்து பாயும். அந்த இடைவெளிகளும் நிலையானவை அல்ல. இந்தப் பருவம் படகு சென்ற வழியை அடுத்த பருவம் மணல் மூடிவிடும். அதனால்தான் இக்கடலில் கப்பலைவிட மாலுமி முக்கியமானவர். வழிகாட்டியையும் ஆசிரியரையும் குறிக்கும் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லிலிருந்தே நமது மாலுமி என்ற சொல் பிறந்தது என்பர். கடலைப் படித்தவரே கப்பலை ஓட்டலாம் என்பது அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. 2005ஆம் ஆண்டில் இந்தியா தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் இதே திட்டுகளை வெட்டி ஆழப்படுத்த முற்பட்டது. 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் அங்கு அகழ்வதற்குத் தடை விதித்தது. அன்று இரு நாடுகளிலும் நடந்த வாதம் பெரும்பாலும் இராமரைப் பற்றியதாகவும் கப்பல் கட்டணத்தைப் பற்றியதாகவும் இருந்தது. கதவைத் திறந்தால் நீர் எவ்வழி ஓடும், மணல் எங்கே போய்ச் சேரும், முத்துக்குளித்த பார்களும் பவளப் பாறைகளும் என்னாகும் என்ற கேள்விகளுக்கு அன்றைய அரசியல் மேடைகளில் உரிய இடம் கிடைக்கவில்லை.

மதுரையில் அவர் கண்டது கொள்ளைநோயும் கொடுங்கோன்மையும். அங்கிருந்து விலகி, கொல்லத்தைக் கடந்து வடக்கே சென்றபோது, ஹொன்னாவரத்துக்கு அருகே பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் அனைத்தையும் பறித்தனர். இலங்கையில் கிடைத்த முத்துகளும் மாணிக்கங்களும் அத்துடன் போயின. உடுத்த துணியுடன் கோழிக்கோட்டில் இறங்கினார். வங்காளம், சுமாத்திரா, சீனா என்று மேலும் அலைந்து, 1349இல் மொரோக்கோ திரும்பினார். வழியிலேயே தாயார் கொள்ளைநோயில் மறைந்த செய்தி கிடைத்தது. தன்ஜாவுக்குச் சென்று கப்றைத் தரிசித்த பின், சிறு வயதில் பார்த்து வளர்ந்த நீரிணையைக் கடந்து அந்தலூசியா சென்றார். பின்னர் சஹாராவைத் தாண்டி மாலி நாட்டுக்கும் சென்று வந்தார்.

மொரோக்கோ சுல்தானின் பணிப்பில் இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளருக்கு அவர் தமது நினைவுகளைச் சொல்லி எழுதுவித்த நூல் 1355 டிசம்பரில் நிறைவெய்தியது. இலங்கையைக் கண்டு அப்போது பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் பத்தாலா, சலாவத், தீனவர், காலி, கலன்பூ என அவர் தரும் ஊர்களின் வரிசை நம் கரையின் வரிசையோடு பிசகாமல் பொருந்துகிறது. எஞ்சிய நாட்களை ஒரு மொரோக்கோ ஊரின் காதியாகக் கழித்தார். மரணம் 1368 என்றும் 1377 என்றும் இரு விதமாகக் கூறப்படுகிறது. நூலின் முழுமையான பிரதிகள் ஐரோப்பியர் கைக்குக் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பாரிஸில் 1853 தொடக்கம் 1858 வரை அச்சேறிய அப்பதிப்பிலிருந்து, மாலைதீவும் இலங்கையும் பற்றிய பகுதிகளை மட்டும் அல்பர்ட் கிரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை அதனை 1882இல் வெளியிட்டது. மாலைதீவிலிருந்து மாலுமியில்லாமல் புறப்பட்ட அந்த ஒன்பது நாட்கள் அவ்வாறுதான் மீண்டும் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தன.